பாறை விளக்குக்கு ஒரு பல்சக்கரம்

ரங்கூன், பசுண்டாங்
3-5-1926

மதிப்புக்குரிய என் கணவர் அவர்களுக்கு ஆவுடையம்மாள் எழுதுவது.

உடம்புக்கு நன்றாக இருக்கிறேன். மனசைப் பற்றி நீங்கள் கேட்கமாட்டீர்கள், ஆகையால் எழுதவில்லை.

போட்டாதாங் துறையில் லாஞ்சு கிளம்பும்வரை நின்றிருந்தேன். அரிசி மூட்டைகளுக்கும் எண்ணெய்ப் பீப்பாய்களுக்கும் நடுவில் உங்கள் முதுகுதான் தெரிந்தது. கப்பல்களுக்கு வழிகாட்டும் அந்தக் கடல் பாறை விளக்கிலிருந்து அடுத்த லீவுக்கு இறங்க உங்களுக்கு ஒரு வருஷம் ஆகும். ஒரு வருஷம் பார்க்கப்போகாத முகத்தின் பக்கம் திரும்பாமலே போக உங்களால் முடிந்தது.

"மரம் அறுக்கிறது பொம்பள செய்ற வேலையா? வெளக்கு உத்தியோகத்துல இருக்கிறவன் பெண்டாட்டி வளையலைக் குடுத்து மெஷின் வாங்கினாள்னா, அவன் சோறு போடலைன்னுதானே நாலு பேர் பேசுவாங்க?" என்று கேட்டீர்கள். அப்போது அழுகைதான் வந்தது. எழுத்தில் அழ வராது. அதனால் இப்போது பதில் சொல்கிறேன்.

சீமைக்குத் திரும்பிப் போகிற ஒரு துரையின் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டார்கள். சூரத்தி பஜாரில் பீங்கான் கடை வைத்திருக்கிற மைமூன் லாத்தா, துணைக்கு என்னைக் கூட்டிப்போனாள். பங்களா வராந்தாவில் இந்த மெஷின் நின்றது. மிதிப்பலகையைப் பார்த்துத் தையல் மெஷின் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஊசி இருக்கவேண்டிய இடத்தில் மயிரிழை போல ஒரு ரம்பத்தை மேலும் கீழும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். துரையின் பட்லர் ஒரு மெல்லிய தேக்குப் பலகையை அதன்முன் வைத்து மிதித்தான். பலகையை அவன் திருப்பத் திருப்ப, மரத்துக்குள் ஒரு கோடு போய்க்கொண்டே இருந்தது. வண்டு ரீங்கரிக்கிற சத்தம், அவ்வளவுதான். பிறகு பலகையைத் தட்டினான். உள்ளிருந்து ஒரு மயில் கழன்று விழுந்தது. எடுத்துப் பார்த்தேன், உயிருள்ளது போலச் சூடாக இருந்தது. வளையலைக் கழற்றியதுகூட நினைவில்லை.

நீங்கள் பாறையில் மூன்று பேரோடு இருக்கிறீர்கள். நான் இந்த மாடி அறையில் சுவர்களோடு இருக்கிறேன். அதை மட்டும் யோசித்துப் பாருங்கள். மெஷினை விற்கமாட்டேன்.

ஆவுடையம்மாள்

*

பாறை விளக்கு
21-5-1926

ஆவுடைக்கு,

கடிதம் கிடைத்தது. லாஞ்சு கீழே ஆடிக்கொண்டிருக்கிறது. சாமான் ஏற்றி முடிவதற்குள் எழுதவேண்டும். மழைக்காலம் பிடித்துவிட்டால் அடுத்த லாஞ்சு எப்போது என்று சொல்வதற்கில்லை.

மூன்று பேரோடு இருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். விளக்கின் தலைமைக் காவலர் இனாயத்துல்லா சாகிப் தொழுகையையும் விளக்கையும் தவிர வேறு பேச்சு பேசமாட்டார். அப்துல் பாரி பகலெல்லாம் தூங்குவான். சமையல்காரன் பாஷை எனக்குத் தெரியாது. என் பாஷை அவனுக்குத் தெரியாது. கணக்கை நீயே போட்டுக்கொள்.

விரலைப் பார்த்துக்கொள். அந்த ரம்பத்துக்கு எது மரம் எது விரல் என்று தெரியாது.

மெஷினைப் பற்றி வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

ரெங்கசாமி

*

ரங்கூன், பசுண்டாங்
14-8-1926

என் கணவர் அவர்களுக்கு,

லாஞ்சு போகப்போகிறது என்று துறைமுக ஆபீஸ் பியூன் வந்து சொன்னான். மழையில் உங்களுக்கு எழுதிவைத்த மூன்று கடிதங்களையும் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். அவை எல்லாம் சண்டை.

விரல்கள் அப்படியே இருக்கின்றன. ரம்பங்கள்தான் போயின. முதல் மாசம் ஒடித்துக்கொண்டே இருந்தேன். கோட்டின்மேல் ரம்பத்தைத் தள்ளுவேன், பட்டென்று போய்விடும். பிறகுதான் புரிந்தது, ரம்பத்தைத் தள்ளவே கூடாது. அது இருந்த இடத்திலேயே ஏறி இறங்கும். மரத்தைத்தான் அதனிடம் கொண்டுபோகவேண்டும், மெதுவாக, அது கேட்கிற அளவுக்கு. வளைவு வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பவேண்டும். காலும் கையும் வெவ்வேறு ஆளுடையவை போல வேலை செய்கின்றன. அவை ஒன்றாகச் சேருகிற சமயத்தில் நான் என்று ஒருத்தி அங்கே இருப்பதே தெரிவதில்லை. இதை யாரிடம் சொல்ல?

தேக்கு வாங்க வசதியில்லை. அது ரம்பத்தின் பல்லையும் சீக்கிரம் மழுக்கிவிடுகிறது. மைமூன் லாத்தா கடைக்குப் பீங்கான் வருகிற பழைய தேயிலைப் பெட்டிகளின் பலகைதான் எனக்கு மரம். பெட்டியைப் பிரித்து, அச்சடித்த எழுத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு அறுக்கிறேன். சாமி படத்துக்குச் சட்டம், கடிகாரம் வைக்கிற தட்டு, கொடி ஓடுகிற சுவர்ப் பலகை. லாத்தா அவற்றைத் தன் கடையில் மாட்டிவைத்தாள். "அடி ஆவுடை, பீங்கான் கேக்க வந்த ஆளு ஒன் கொடியைப் பாத்துட்டு பீங்கானை மறந்துட்டுப் போறான்டி!" என்று திட்டுகிறாள். ஆனால் விற்றுக் கொடுக்கிறாள். இந்த மாசம் அறை வாடகையை அதிலிருந்தே கொடுத்தேன். கோபப்படாதீர்கள். நீங்கள் அனுப்பியது அப்படியே இருக்கிறது.

கீழ்வீட்டு பர்மியத் தச்சர் ஒருநாள் சத்தத்தைக் கேட்டு மேலே வந்தார். சண்டைக்கு என்று நினைத்தேன். வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு, "காவ்ண்டே, காவ்ண்டே" என்று சொல்லிப் போனார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

கொடியும் மயிலும் அறுத்து அலுத்துவிட்டது. அங்கே பறவைகள் வருமா? எப்படியிருக்கும் என்று எழுதுங்கள். நான் கடலைக் கப்பல் கம்பிக்குப் பின்னாலிருந்து பார்த்ததோடு சரி.

ஆவுடையம்மாள்

*

பாறை விளக்கு
2-10-1926

ஆவுடைக்கு,

பறவை கேட்டிருந்தாய். எனக்குக் கதை சொல்லிப் பழக்கமில்லை. பார்த்ததை எழுதுகிறேன்.

வடக்கே குளிர் தொடங்குகிற காலத்தில் பறவைகள் கூட்டங்கூட்டமாகத் தெற்கே போகும். வானம் தெளிவாக இருந்தால் நமக்குத் தெரியாமலே போய்விடும். மூட்டமாக இருந்தால் எங்கள் விளக்கைப் பார்த்துவிட்டு வரும். போன வாரம் வந்தது. உச்சியிலே கண்ணாடிக் கூண்டு சுழலும்போது அதிலிருந்து ஒளிக்கற்றைகள் சக்கரத்தின் ஆரங்கள் போல வெளியே நீட்டிக்கொண்டு சுற்றும். அந்த ஆரம் ஒவ்வொன்றுக்குள்ளும் பறவைகள். ஆயிரமா லட்சமா தெரியாது. வெளிச்சம் பட்டபோது எல்லாம் வெள்ளி. வெளிச்சம் தாண்டினால் ஒன்றுமே இல்லை, கறுப்பு. மறுபடி வெள்ளி. சிறகுச் சத்தம் மழை மாதிரி இருந்தது. சாகிப் இத்தனை வருஷமாகப் பார்த்தவர், அவரே வாசலில் நின்று "சுப்ஹானல்லாஹ்" என்றார்.

சில வந்து கண்ணாடியில் மோதும். காலையில் நடைபாதையில் கிடக்கும். ஒன்றைக் கையில் எடுத்தேன். ஒரு காய்ந்த நெற்றின் கனம்கூட இல்லை. அது எங்கிருந்து வந்திருக்கும் என்று நினைத்தபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மூக்கு ஊசி. வால் இரண்டாகப் பிளந்தது. சிறகு உடம்பைவிட நீளம், பின்னால் அரிவாள் போல வளைந்தது. மோதாமல் திரும்புகிறவை கடைசி நொடியில் ஒரு சிறகை மேலே தூக்கி, ஒன்றைக் கீழே இறக்கி, அப்படியே சரிந்து போகும். அதுதான் நான் பார்த்ததிலேயே…

எழுதத் தெரியவில்லை. இவ்வளவுதான்.

வாடகையைப் பற்றி எழுதியிருந்தாய். சரி.

ரெங்கசாமி

*

ரங்கூன், பசுண்டாங்
25-10-1926

என் கணவர் அவர்களுக்கு,

இங்கே பர்மியர்களின் தடின்ஜுட் விளக்குத் திருவிழா முடிந்தது. மைமூன் லாத்தாவோடு பெரிய பயா கோயில் பக்கம் போனேன். அந்தப் பொன்மலை முழுக்கக் கீழிருந்து மேல்வரை விளக்கு. கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன். ஆனால் பக்கத்தில் நின்றவர்கள் கைகூப்பியபோது, எனக்கு உங்கள் கோபுரத்தின் வெள்ளிப் பறவைகள்தான் கண்ணுக்குள் வந்தன. உங்கள் கடிதத்தை அத்தனை தடவை படித்திருக்கிறேன். எழுதத் தெரியவில்லை என்று இனி எழுதாதீர்கள்.

இத்துடன் வருகிற பொட்டலத்தைப் பார்த்துப் பிரியுங்கள். ஒரு சிறகை மேலே தூக்கிச் சரிகிற அந்த ஒன்றுதான். வாலின் பிளவில் நாலு தடவை தோற்றேன். கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள், காற்றில் தானே திரும்பும்.

ஆவுடையம்மாள்

*

பாறை விளக்கு
28-11-1926

ஆவுடை,

முதலில் நாங்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். புயல் செய்தி ரங்கூனில் எப்படி வந்திருக்குமோ.

அலை கோபுரத்தின் பாதி உயரத்துக்கு ஏறியது. கல் கோபுரம், ஆனால் மரம்போல் அசைந்தது. மேஜைமேல் வைத்த தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம். வெளியே பார்த்தால் கடல் எது, வானம் எது என்ற பேதமே இல்லை. பயமா என்று கேட்டால், பயப்படுவதற்குக்கூட நான் ரொம்பச் சின்னவன் என்று தோன்றியது.

விளக்கு அணையவில்லை. ஆனால் சுழற்சி நின்றுவிட்டது. உனக்குப் புரியும்படி சொல்கிறேன். கண்ணாடிக் கூண்டு ஓர் ஆள் உள்ளே நிற்கிற அளவு பெரிது. அத்தனை பாரமும் ஒரு பாதரசத் தொட்டியில் மிதக்கிறது. ஆகையால் விரலால் தள்ளினாலும் நகரும். அதைச் சீராகச் சுற்றுவது கடிகாரம் போன்ற ஒரு யந்திரம். கம்பியில் தொங்கும் எடை இறங்க இறங்க, பல்சக்கரங்கள் சுழன்று கூண்டைச் சுற்றும். புயலின் குலுக்கலில் கம்பி தடம் விலகி, மறுபடி வெடுக்கென்று பிடித்ததில் ஒரு பல்சக்கரம் விரிசல் விட்டு, பற்கள் உதிர்ந்துவிட்டன.

கூண்டு சுற்றாவிட்டால் விளக்கு மின்னாது. மின்னாவிட்டால் இது எந்த விளக்கு என்று கப்பல்காரனுக்குத் தெரியாது. வேறொன்று என்று நினைத்து நேராகப் பாறைமேல் வருவான். ஆகையால் பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கையால் சுற்றுகிறோம். கனமில்லை, ஆனால் ஒரே வேகம் தவறக்கூடாது. அப்துல் பாரிக்குக் காய்ச்சல். சமையல்காரனையும் சேர்த்து மூன்று பேர் முறை போட்டுச் சுற்றுகிறோம். சாகிப் வயதானவர். நேற்று நின்றபடியே கண்ணயர்ந்து விழப்பார்த்தார். புதுச் சக்கரம் சீமையிலிருந்து வரவேண்டும். அதுவரை கையால்தான் என்று ஆபீஸில் உத்தரவு.

உன் பறவை புயலுக்கு முந்தின லாஞ்சில் வந்தது. பிரித்ததும் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றேன். நான் பார்த்ததை நீ பார்க்கவில்லை. ஆனாலும் அதே சரிவு. எப்படி முடிந்தது? விளக்கறைக்குக் கீழே தொங்கவிட்டேன். இன்று சாகிப் அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஹிந்துஸ்தானியில், "இதை அறுத்த கை ஒரு சக்கரத்தையும் அறுக்குமா?" என்று கேட்டார்.

அறுக்குமா? மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஆணியால் சக்கரத்தின் வடிவம் கீறி அனுப்புகிறேன். அது சாப்பாட்டுத் தட்டு அளவு, விரல் கனம். பாரம் தாங்குகிற சக்கரம் இல்லை, வேகத்தைச் சீராக்குகிற சக்கரம், ஆகையால் மரம் தாங்கலாம் என்கிறார். ஒரு பல் தடித்தாலும் சிக்கிக்கொள்ளும். இது தன் பொறுப்பு என்றும், ஆபீஸில் கேட்டால் தான் பதில் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னார்.

முடியாவிட்டால் முடியாது என்று எழுது. ஒன்றும் நினைக்கமாட்டேன்.

ரெங்கசாமி

*

ரங்கூன், பசுண்டாங்
10-12-1926

என் கணவர் அவர்களுக்கு,

தகரத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இந்தச் சின்ன வட்டம் நின்றால் கடலில் இத்தனை கப்பல்களுக்கு வழி தெரியாமல் போய்விடுமா என்று நினைத்தேன். அன்று மெஷின் பக்கமே போகவில்லை. பயம்.

மறுநாள் தச்சரிடம் இறங்கிப்போய் ஒரு நல்ல தேக்குப் பலகை கேட்டேன். எதற்கு என்றார். எனக்குத் தெரிந்த பர்மிய பாஷையில் விளக்கு, கப்பல், சக்கரம் என்று சொன்னேன். தன் பட்டறையில் இருந்ததிலேயே பழைய, நன்றாகக் காய்ந்த பலகையை எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். விலையைச் சொல்லவில்லை.

இதுவரை நான் கோட்டின் மேலேயே அறுத்திருக்கிறேன். கொடியின் இலை கொஞ்சம் மெலிந்தால் யாருக்குத் தெரியும்? இங்கே கோட்டுக்கு வெளியே ஒட்டினாற்போல் அறுத்து, மிச்சத்தை அரத்தால் தேய்த்தேன். ஒவ்வொரு பல்லையும் தகரத்தோடு வைத்துப் பார்த்தேன். மைமூன் லாத்தா சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. கடைசிப் பல்லும் முடிந்தபோது, "ஒன் மாப்பிள்ளைக்காகவா இத்தனை பாடு, இல்ல கப்பலுக்காகவா?" என்று கேட்டாள். சாகிப் விழாமல் இருக்க என்றேன். அதுவும் பொய்யில்லை.

சக்கரம் லாஞ்சில் வருகிறது. உங்கள் கை எப்படியிருக்கிறது என்று எழுதவே இல்லை.

ஆவுடையம்மாள்

*

பாறை விளக்கு
24-12-1926

ஆவுடை,

சக்கரம் அச்சாகப் பொருந்தியது. எடையை ஏற்றினோம். கூண்டு தானாகச் சுற்றத் தொடங்கியதும் சமையல்காரன் கத்திக் கூத்தாடினான். இரண்டு இரவு நன்றாக ஓடியது. மூன்றாம் இரவில் சடசடவென்று சத்தம். பற்கள் முறிந்தன.

மறுபடி கையால் சுற்றுகிறோம். நீ வருத்தப்படாதே. உன் வேலையில் குறை இல்லை, மரம் மரம்தானே என்று சாகிப் சொல்கிறார். ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. முறிந்த பற்கள் எல்லாம் எதிரெதிரான இரண்டு பக்கங்களில் மட்டும். மற்ற இரண்டு பக்கங்களில் ஒரு பல்கூட அசையவில்லை. சக்கரத்தைத் திருப்பி அனுப்புகிறேன், பார்.

கை கேட்டிருந்தாய். தோளுக்குமேல் தூக்க முடியவில்லை. சரியாகிவிடும்.

ரெங்கசாமி

*

ரங்கூன், பசுண்டாங்
9-1-1927

என் கணவர் அவர்களுக்கு,

உங்கள் கண்ணுக்கு ஆயிரம் வணக்கம். எதிரெதிரான இரண்டு பக்கம் என்று எழுதியிருக்காவிட்டால் எனக்கு ஒன்றுமே விளங்கியிருக்காது.

மரத்துக்கு ரேகை உண்டு. நீளவாக்கில் ஓடும். ரேகை ஓடுகிற திசையில் நீட்டிக்கொண்டிருக்கிற பல்லுக்கு அடியிலிருந்து நுனிவரை நரம்பு இருக்கிறது, அது தாங்குகிறது. குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கிற பல்லுக்குள் நரம்பு குறுக்காக ஓடுகிறது. அது பிஸ்கோத்து மாதிரி. உடைந்த சக்கரத்தை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது இது தெரிந்தது. ஆனால் வட்டத்துக்கு நாலு பக்கமும் உண்டே, மரத்துக்கு ஒரு ரேகைதானே, என்ன செய்ய என்று இடிந்து போனேன்.

கோபத்தில் காலடியில் கிடந்த தேயிலைப் பெட்டித் துண்டை எட்டி உதைத்தேன். அது பிளந்தது. பிளந்த விளிம்பைப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இத்தனை மாசமாக அறுத்துவந்த பலகை ஒரு பலகையே இல்லை. மூன்று மெல்லிய ஏடுகள். மேலேயும் கீழேயும் ரேகை நீளமாக ஓடுகிறது, நடு ஏட்டில் குறுக்கே ஓடுகிறது. ஒன்றின் பலவீனத்தை மற்றது பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் அந்த மெல்லிய பறவைச் சிறகு ஒடியாமல் இருந்திருக்கிறது! கண் முன்னால் இருந்ததை நான் பார்க்கவே இல்லை. இதைச் செய்தவர்கள் யாரோ, எந்தத் தேசமோ. அவர்களை நினைத்துக் கும்பிட்டேன்.

தச்சரிடம் ஓடினேன். தேக்கில் எண்ணெய் இருப்பதால் பசை சரியாகப் பிடிக்காது என்று சொல்லிப் படாக் மரம் கொடுத்தார், செக்கச்சிவந்த மரம். மூன்று ஏடுகள் சீவி, ரேகையைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, வச்சிரப் பசை போட்டு இறுக்கினோம். கடல் ஈரத்தில் பசை இளகினாலும் விடாதபடி பித்தளை ஆணிகள் அடித்து மழுக்கினோம். பிறகு அறுத்தேன். படாக்கின் சிவப்புத் தூள் என் கை, முகம், புடவை எல்லாம். லாத்தா வந்து பார்த்துவிட்டு, யாரையோ வெட்டிவிட்டேன் என்று அலறினாள். அறுத்ததை ஆளி எண்ணெயில் ஊறவைத்து, உலர்த்தி அனுப்புகிறேன்.

இதுவும் முறிந்தால் இன்னொன்று அறுப்பேன். அதுவும் முறிந்தால் இன்னொன்று. நீங்கள் கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆவுடையம்மாள்

*

பாறை விளக்கு
6-2-1927

ஆவுடை,

ஓடுகிறது.

எழுதாமல் காத்திருந்தேன். முதல் இரவு நாங்கள் யாரும் தூங்கவில்லை, சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அடுத்த இரவும் அப்படியே. இப்போது அதைக் கேட்காவிட்டால்தான் தூக்கம் வருவதில்லை. இரும்புச் சக்கரம் கடகடவென்று ஓடும். இது முனகிக்கொண்டு ஓடுகிறது. அப்துல் பாரி எழுந்து நடமாடுகிறான்.

சாகிப் கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு விளக்கின் ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் இடையே நேரம் பார்த்தார். இம்மியும் பிசகவில்லை. பிறகு என்னை வெளி நடைபாதைக்குக் கூட்டிப்போனார். தலைக்கு மேலே ஒளிக்கற்றைகள் சுற்றிக்கொண்டு போயின, கடலின் கடைசி விளிம்பைத் தடவிக்கொண்டு. எத்தனை வருஷம் இதன் கீழே வேலை பார்த்திருக்கிறேன். இதைச் சுற்றவைப்பது எது என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது உள்ளே, எண்ணெய் மினுக்கத்தோடு, சிவப்பாக அது சுழல்வது எனக்குத் தெரியும். அதில் ஒவ்வொரு பல்லையும் நீ தொட்டிருக்கிறாய். இந்தக் கடல் முழுவதும் நீ தொட்ட ஒன்றை நம்பிப் போகிறது. என்னால் வெகுநேரம் உள்ளே போகமுடியவில்லை.

"உன் பெண்டாட்டி எந்தப் பட்டறையில் கற்றாள்?" என்று சாகிப் கேட்டார். "வீட்டில், தனியாக" என்றேன். சொன்ன பிறகுதான் அந்தத் தனியாக என்ற வார்த்தை எனக்கே உறைத்தது.

அடுத்த லீவில் அந்த மெஷினைச் சுவர் ஓரத்திலிருந்து ஜன்னலுக்கு நகர்த்திப் போடுகிறேன். வெளிச்சம் வேண்டுமல்லவா.

ரெங்கசாமி

*

ரங்கூன், பசுண்டாங்
15-2-1927

என் கணவர் அவர்களுக்கு,

கடிதத்தைப் படித்துவிட்டு மைமூன் லாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். பிறகு தச்சரிடம் போய் "லெ நே டே" என்றேன், சுற்றுகிறது என்று. அவர் தன் உளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். மரத்துக்கு இன்றுவரை விலை சொல்லவில்லை. ஆகையால் அவர் வீட்டு புத்தர் பீடத்துக்கு ஒரு தாமரைச் சட்டம் அறுத்துக் கொடுத்திருக்கிறேன்.

ஊரிலிருந்து தங்கை சுப்பம்மாளுக்குப் பிரசவம் நெருங்குகிறது என்று தகவல் வந்திருக்கிறது. அம்மா இல்லாத வீடு, நான்தான் போகவேண்டும். அறுத்து விற்றதிலேயே டிக்கட் எடுத்துவிட்டேன். மார்ச் மூன்றாம் தேதி காலைச் சென்னைக் கப்பல். உங்கள் உத்தரவு வருவதற்கு நேரமில்லை. சம்மதிப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கப்பல் அன்று இரவு உங்கள் பாறைப் பக்கமாகப் போகும் என்று டிக்கட் ஆபீஸில் சொன்னார்கள்.

ஆவுடையம்மாள்

*

கப்பல் மேல்தளம்
4-3-1927

என் கணவர் அவர்களுக்கு,

சென்னையில் இறங்கியதும் இதைத் தபாலில் போடுவேன். உங்களுக்கு எப்போது கிடைக்குமோ, நேற்றுப் பார்த்ததை இன்றே எழுதாவிட்டால் எனக்கு அமைதி இல்லை.

இருட்டிய பிறகு மேல்தளத்தின் வலப்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் கட்டுச்சோறு பிரித்துக்கொண்டிருந்தார்கள். கடலில் ஒன்றுமே இல்லை. பிறகு வானத்தின் அடியில் ஒரு வெளுப்பு. மறைந்தது. என் கண்ணில்தான் ஏதோ என்று நினைத்தேன். மறுபடி வந்தது. கொஞ்ச நேரத்தில் அது ஒரு புள்ளி ஆயிற்று, அந்தப் புள்ளியிலிருந்து ஒரு நீண்ட கை புறப்பட்டுக் கடலையெல்லாம் தடவிக்கொண்டு வந்து, எங்கள் கப்பலைத் தொட்டு, என் முகத்தைத் தொட்டு, அப்பால் போயிற்று. போய்விட்டு, தவறாமல் திரும்பி வந்தது. நான் நினைத்திருந்தது வேறு. ஒரு பெரிய தெருவிளக்கு மாதிரி என்று நினைத்திருந்தேன். இது அத்தனை பெரிதாக இருக்கும் என்று நீங்கள் எழுதியும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை என் சக்கரம் என்று நினைக்கவே கூச்சமாக இருந்தது. அது யாருடையதும் இல்லை. அங்கே அது சுற்றிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அதற்குள் எங்கோ என் சிவப்பு மரமும் இருந்தது.

பக்கத்தில் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், காரைக்காலுக்குப் போகிறவர், பெயர் கமருன்னிசா, "அந்த அத்துவானத்துல ஆளு இருக்குமா தங்கச்சி?" என்று கேட்டார்.

"இருக்காங்க. எங்க வீட்டுக்காரரு இருக்காரு" என்றேன்.

அவர் குழந்தையைத் தூக்கி நிறுத்தி விளக்கைக் காட்டினார். அது அடிவானத்துக்குக் கீழே இறங்கும்வரை நான் கம்பியை விடவில்லை.

ஆவுடையம்மாள்

*

பாறை விளக்கு
3-3-1927, இரவு

ஆவுடை,

இது அடுத்த லாஞ்சில்தான் போகும். நீ ஊரில் இருப்பாய், அங்கே வந்து சேரும்.

உன் கடிதத்தில் கப்பல் தேதி பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. சாகிப்புக்கு எப்படித் தெரிந்ததோ, லாஞ்சுக்காரன் சொன்னானோ. இன்று விளக்கு முறை என்னுடையது. இருட்டிய பிறகு கிழக்கே கப்பல் விளக்குகள் தெரிந்தன. நான் யந்திரத்தின் பக்கத்தில் நின்றபடியே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாகிப் படியேறி வந்தார். என் கையிலிருந்து எண்ணெய்க் குப்பியை வாங்கிக்கொண்டார். "வெளியே போய் நில்" என்றார்.

நடைபாதையில் போய் நின்றேன். கப்பல் நேர் தெற்கே வந்தது, மாலை கட்டினது போல விளக்குகள். அதில் எந்த இடத்தில் நீ நிற்கிறாய் என்று தெரியவில்லை. நின்றாயா, படுத்துவிட்டாயா என்றுகூடத் தெரியாது. அத்தனை தூரத்திலிருந்து இங்கே ஓர் ஆள் இருப்பது எறும்பளவுகூடத் தெரியாது. அதுவும் தெரியும்.

நான் கையை ஆட்டினேன். கப்பல் கண்ணுக்கு மறைகிறவரை, தோளுக்குமேல் தூக்கி, ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

ரெங்கசாமி